அமெரிக்கத் தொலைக்காட்சிக் கிறிஸ்துமஸ் காதல் படங்களில் கதை வாய்பாடும் வேலைத் துறப்பும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் கிறிஸ்துமஸ் காதல் படங்கள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன என்பது பரவலான கருத்து. இக்கருத்து உண்மையே எனினும், திறனாய்வு அதிலிருந்து தொடங்க வேண்டுமே தவிர அதனோடு முடிந்துவிடக் கூடாது. விளம்பர இடைவேளைகளும் பருவகால ஒளிபரப்பும் இவ்வாய்பாட்டை உருவாக்கிய முறையை இக்கட்டுரை முதலில் விளக்குகிறது. பின்னர் அதன் மாறும் கூறுகளையும் மாறாக் கூறுகளையும் பிரித்துக் காட்டுகிறது. காதலர்களின் பாலினம், தொழில், நாடு ஆகியவை மாறியபோதும் மாறாமல் நிற்பது வேலை பற்றிய தீர்வே என்பதும், சார்லஸ் டிக்கன்ஸின் கதையிலும் ஃபிராங்க் காப்ராவின் படத்திலும் யாரோ ஒருவர் கொடுத்த விலை இப்படங்களில் மறைந்துவிட்டது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: தொலைக்காட்சித் திரைப்படம், கதை வாய்பாடு, கிறிஸ்துமஸ், காதல் கதை, ஹால்மார்க், பெண்ணும் வேலையும்.

முன்னுரை

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதப் பிற்பகுதி முதல் டிசம்பர் இறுதி வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு தனிவகைத் திரைப்படம் மேலோங்கி நிற்கிறது. பெருநகரில் வேலை பார்க்கும் பெண்ணொருத்தி கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்களுக்கு முன் சிற்றூர் ஒன்றுக்குச் செல்கிறாள். அங்கே மூடப்படும் நிலையிலுள்ள விடுதியையோ கடையையோ நின்றுபோகவிருக்கும் விழாவையோ காப்பாற்ற உதவுகிறாள். உள்ளூர் ஆடவன் ஒருவன்மீது காதல் கொள்கிறாள். இறுதியில் நகரத்து வேலையை விட்டு அவ்வூரிலேயே தங்கிவிடுகிறாள். ஊரின் பெயரும் கடையின் வகையும் மாறலாம். கதை பெரும்பாலும் இதுதான்.

இவ்வகைப் படங்களின் அடையாளமாக விளங்குவது ஹால்மார்க் அலைவரிசை. 1910இல் கான்சஸ் சிட்டி நகரில் தொடங்கப்பட்ட ஹால்மார்க் வாழ்த்து அட்டை நிறுவனம் அதன் தாய் நிறுவனம். 1951 டிசம்பர் 24 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஜான் கார்லோ மெனோட்டியின் கிறிஸ்துமஸ் இசை நாடகத்தோடு ஹால்மார்க்கின் தொலைக்காட்சித் தொடர்பு தொடங்கியது. இன்றைய பெயரில் அலைவரிசை 2001இல் தோன்றியது. 2009இல் 'கவுண்ட்டவுன் டு கிறிஸ்துமஸ்' என்னும் பருவகால நிகழ்ச்சி வரிசை அறிமுகமானது. 2019ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் ஹால்மார்க்கின் இரு அலைவரிசைகளுக்குமாக 40 புதிய கிறிஸ்துமஸ் படங்கள் அறிவிக்கப்பட்டன. லைஃப்டைம் அலைவரிசையும், 2017 முதல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமும் இதே களத்தில் இயங்குகின்றன.

இப்படங்களைப் பற்றிய பேச்சு இரு வகைப்படும். ஒன்று ஏளனம்: ஒரு படத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்ததாகும் என்பது. மற்றொன்று பரிவு: களைத்த மனத்துக்கு ஆறுதல் தரும் படங்களைக் குறை கூறுவதற்கில்லை என்பது. இவ்விரண்டும் கதை திரும்பச் சொல்லப்படுகிறது என்பதோடு நின்றுவிடுகின்றன. எது திரும்பச் சொல்லப்படுகிறது என்பதை இரண்டுமே ஆராய்வதில்லை. அவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

வாய்பாடு என்னும் கருத்து

கதை வாய்பாட்டைக் குறையாகக் கருதும் வழக்கம் நவீன இலக்கியச் சுவையோடு வந்தது. ஆசிரியரின் தனித்தன்மையே படைப்பின் மதிப்பு எனக் கொள்ளும்போது, பலருக்கும் பொதுவான அமைப்பு மதிப்பற்றதாகத் தோன்றுவது இயல்பு. ஆயின் வாய்பாட்டை ஆராய்ந்தவர்கள் வேறு முடிவுகளுக்கு வந்தனர். ருஷ்ய அறிஞர் விளாதிமிர் புராப் 1928இல் வெளியிட்ட தம் நூலில், மாயக் கதைகளில் கதைமாந்தர் மாறினாலும் அவர்தம் செயல்கள் கதைப்போக்கில் பெறும் பங்கு மாறுவதில்லை எனக் காட்டி, அத்தகைய 31 செயற்கூறுகளை வரிசைப்படுத்தினார். அமெரிக்க அறிஞர் ஜான் கவெல்ட்டி 1976இல் துப்பறியும் கதை, சாகசக் கதை, காதல் கதை ஆகியவற்றை ஆராய்ந்து, வாய்பாட்டுக் கதை ஒரு சமூகத்தின் முரண்பட்ட விருப்பங்களை ஒரே வடிவில் இணைத்து நிறைவு செய்கிறது என்றார்.

தமிழாய்வுக்கும் இக்கருத்து புதிதன்று. தமிழ் வீரநிலைக் கவிதை குறித்து க. கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல், மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்ட் ஆகியோரின் வாய்மொழி வாய்பாட்டுக் கோட்பாட்டைச் சங்கப் பாடல்களோடு பொருத்திப் பார்த்தது. அந்நூலின் முடிபுகளை ஏற்காதோரும், மரபுத் தொடர்கள் திரும்ப வருவது கவிஞனின் இயலாமையால் அன்று, கலையின் இயல்பால் என்பதை மறுக்கவில்லை. ஆகவே 'இப்படங்கள் வாய்பாட்டின்படி அமைந்தவை' என்பது ஒரு தீர்ப்பு ஆகாது. அது ஒரு வருணனை மட்டுமே. தீர்ப்பு வேறிடத்தில் தேடப்பட வேண்டும்.

ஒளிபரப்புக் காலமும் கதை அமைப்பும்

திரையரங்கப் படம் பெரும்பாலும் மூன்று அங்கங்களாகப் பகுத்து எழுதப்படுவது. ஹால்மார்க் படங்களோ ஒன்பது அங்கங்களைக் கொண்டவை. இதற்குக் காரணம் கலைக்கொள்கை அன்று, விளம்பர இடைவேளை. இரண்டு மணி நேர ஒளிபரப்பில் படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 85 நிமிடம். எஞ்சிய நேரம் விளம்பரங்களுக்கும் அறிவிப்புகளுக்கும் உரியது. ஒவ்வோர் இடைவேளைக்கு முன்னும் பார்வையாளரை நிறுத்தி வைக்கும் ஒரு சிறு கேள்வி எழ வேண்டும். இடைவேளைக்குப் பின் புதிதாக வந்து சேர்பவருக்கும் கதை உடனே விளங்க வேண்டும்.

இவ்விரு தேவைகளும் இப்படங்களின் பல இயல்புகளை விளக்குகின்றன. காதலர் முத்தமிடவிருக்கும் நேரத்தில் தொலைபேசி ஒலிப்பதும், குழந்தை ஓடி வருவதும், பனிக்கட்டி சரிந்து விழுவதும் இடைவேளைக்கு முன் எழும் சிறு கேள்விகள். கதைமாந்தர் தம் நிலையை அடிக்கடி வாய்விட்டுச் சொல்வது இடையில் வந்து சேர்ந்தவருக்கான விளக்கம். ஏறக்குறைய எல்லாச் சட்டகங்களிலும் ஒளிவிளக்கோ மாலையோ கிறிஸ்துமஸ் மரமோ இருப்பது, எந்த நொடியில் அலைவரிசையைத் திருப்பினாலும் இது இன்ன வகைப் படம் என அறிவிக்கிறது.

தயாரிப்பு முறையும் வாய்பாட்டை வலுப்படுத்துகிறது. இப்படங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் எடுத்து முடிக்கப்படுபவை. வரிச்சலுகையின் பொருட்டுப் பல படங்கள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, ஒன்டாரியோ மாகாணங்களில் படமாக்கப்படுகின்றன; ஒன்டாரியோவின் ஆல்மான்ட் என்னும் சிற்றூர் இதற்கெனவே பெயர் பெற்றது. கோடையில் செயற்கைப் பனியைத் தூவி, நடிகர்கள் கம்பளி உடையில் வியர்க்க, குளிர்காலம் உருவாக்கப்படுகிறது. இதில் ஒரு முரண் உண்டு. வேர்விட்ட உள்ளூர் வாழ்வைப் போற்றும் இப்படங்களின் 'அமெரிக்கச் சிற்றூர்' பெரும்பாலும் அமெரிக்காவில் இல்லை. செலவு குறைவான இடத்தைத் தேடி நகரும் தொழில், இடம்பெயராத வாழ்வின் மேன்மையைக் கதையாக்குகிறது.

கதையின் செயற்கூறுகள்

புராப்பின் முறையைப் பின்பற்றி, இப்படங்களில் மிகுதியும் காணப்படும் செயற்கூறுகளைப் பின்வருமாறு வரிசைப்படுத்தலாம்.

1. குறை: தலைவிக்கு வேலையில் ஒரு நெருக்கடி நேர்கிறது, அல்லது வேலையின் மிகுதியால் அவள் உறவையோ விழாவையோ மறந்திருக்கிறாள்.
2. பயணம்: வேலை காரணமாகவோ குடும்பக் கடமையாலோ சிற்றூருக்கோ சிறு முடியரசுக்கோ செல்கிறாள்.
3. மோதல்: தலைவனை ஒரு சிறு விபத்திலோ வாக்குவாதத்திலோ சந்திக்கிறாள்.
4. பொதுப் பணி: விழா, கடை, விடுதி, பள்ளி நாடகம் என ஏதோ ஒன்றைக் காப்பாற்றும் பணி இருவரையும் இணைக்கிறது.
5. சடங்குத் தொடர்: மரம் தேர்ந்தெடுத்தல், பிஸ்கட் சுடுதல், விளக்கேற்றுதல், பனிப்பந்து எறிதல்.
6. அழைப்பு: நகரத்திலிருந்து பதவி உயர்வோ பழைய காதலனோ வந்து சேர, இருவரிடையே தவறான புரிதல் நேர்கிறது.
7. அறிவுரை: தந்தை, பாட்டி, அல்லது கிறிஸ்துமஸ் தாத்தாவோ என ஐயுறத்தக்க முதியவர் ஒருவர் தலைவிக்கு அவள் மனத்தையே எடுத்துக் காட்டுகிறார்.
8. திரும்புதல்: கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் தலைவி திரும்பி வருகிறாள், முத்தம், பனி பொழிகிறது.

காதல் நாவலின் இன்றியமையாக் கூறுகள் எட்டு என்று பமேலா ரெஜிஸ் 2003இல் வகுத்தார். அவற்றுள் தடையும், காதல் செத்துவிட்டது போலத் தோன்றும் ஒரு கட்டமும் அடங்கும். மேற்கண்ட வரிசையில் தடை முதற்கூறிலேயே விதைக்கப்பட்டு ஆறாம் கூறில் வெளிப்படுகிறது. இங்கே கவனிக்கத்தக்கது தடையின் தன்மை. பழைய காதல் கதைகளில் தடை குலமாகவோ செல்வமாகவோ பெற்றோரின் மறுப்பாகவோ இருந்தது. இப்படங்களில் பெற்றோர் தடுப்பதில்லை. பெரும்பாலும் அவர்களே காதலைத் தூண்டுகிறார்கள். பழைய காதலனோ போட்டிப் பெண்ணோ எளிதில் விலகிவிடுகின்றனர். உண்மையான தடையாக எஞ்சி நிற்பது வேலை.

மாறுபவையும் மாறாதவையும்

ஒரு வாய்பாட்டின் உயிர்நிலை எது என்பதை அறிய, அது நெருக்கடிக்கு உள்ளாகும்போது எதை விட்டுக்கொடுக்கிறது, எதை விடாமல் பற்றிக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். ஹால்மார்க்கின் அண்மை வரலாற்றில் அத்தகைய நெருக்கடி ஒன்று உண்டு.

2019 டிசம்பரில், இரு பெண்கள் மணந்துகொண்டு முத்தமிடும் காட்சி அடங்கிய திருமணச் சேவை நிறுவன விளம்பரங்களை, ஒரு பழைமைவாதக் குழுவின் எதிர்ப்பைத் தொடர்ந்து ஹால்மார்க் அலைவரிசை நிறுத்தியது. பெருங்கண்டனம் எழவே, சில நாள்களில் அம்முடிவை மாற்றிக்கொண்டது. 2020 ஜனவரியில் அலைவரிசை நிறுவனத்தின் தலைமை அதிகாரி பில் அபோட் பதவி விலகினார். அதே ஆண்டில் வெளிவந்த 'தி கிறிஸ்துமஸ் ஹவுஸ்' ஓர் ஆண் இணையரை முதன்மைக் கதைமாந்தரிடையே வைத்தது. 2022இல் 'தி ஹாலிடே சிட்டர்' தற்பால் காதலர் இருவரையே தலைமைப் பாத்திரங்களாகக் கொண்டது. பில் அபோட் 2021 முதல், இன்று கிரேட் அமெரிக்கன் ஃபேமிலி என வழங்கும் போட்டி அலைவரிசையை நடத்தலானார். ஹால்மார்க் கிறிஸ்துமஸ் படங்களின் முதன்மை நடிகையருள் ஒருவரான கேண்டஸ் கேமரன் பியூர் 2022இல் அவ்வலைவரிசைக்கு மாறினார்.

இம்மோதல் அமெரிக்கச் சமூகத்தின் ஆழமான பிளவைக் காட்டுவது. அதன் முதன்மையைக் குறைத்து மதிப்பிட இயலாது. திரையில் தம்மைக் காணாதிருந்தோர் ஒரு பெருவிழாக் கதையின் நடுவே இடம்பெறுவது சிறிய மாற்றம் அன்று. ஆயினும் வாய்பாட்டு ஆய்வின் நோக்கில் ஒன்று தெளிவாகிறது. பிளவுபட்ட இரு தரப்பும் ஒரே வாய்பாட்டைக் கொண்டே படம் எடுக்கின்றன. 'தி ஹாலிடே சிட்டர்' படத்தின் தலைவன் வேலையே வாழ்வெனக் கொண்ட நியூயார்க் நகரத்தவன். சகோதரியின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சென்ற இடத்தில், குடும்பம் அமைக்க விரும்பும் அண்டை வீட்டுக்காரன்மீது காதல் கொள்கிறான். வேலைக்கு அடிமைப்பட்ட நகரத்தவர், குழந்தைகள் நிறைந்த வீடு, விழாக்காலம், மனமாற்றம் ஆகிய அனைத்தும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

யார் காதலிக்கலாம் என்பதில் இரு தரப்பும் முரண்பட்டன. காதலித்தபின் வேலை என்னாகும் என்பதில் முரண்பாடே எழவில்லை. அவ்வாறாயின், பலரும் கருதுவது போல இவ்வாய்பாட்டின் மாறாக் கூறு ஆண் பெண் காதல் அன்று. அது மாற்றத்தக்கதே என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. மாறாக் கூறு வேலைக்கும் வாழ்வுக்கும் இடையிலான முரணும், அதற்கு வழங்கப்படும் ஒரே தீர்வுமாகும்.

மூன்று படங்களில் வேலை

இதனை மூன்று படங்களின்வழி நெருங்கிக் காணலாம்.

2014இல் வெளியான 'கிறிஸ்துமஸ் அண்டர் ராப்ஸ்' படத்தின் தலைவி லாரன் ஒரு மருத்துவர். பாஸ்டன் நகரில் எதிர்பார்த்திருந்த அறுவை மருத்துவப் பயிற்சி வாய்ப்பு கிட்டாமற்போகவே, அலாஸ்காவின் கார்லண்ட் என்னும் கற்பனைச் சிற்றூருக்குச் செல்கிறாள். அவ்வூர் அவளை ஏற்றுக்கொள்கிறது, காதலும் வாய்க்கிறது. பின்னர் பாஸ்டன் வாய்ப்பு தேடி வரும்போது அதனை விடுத்து ஊரையே தேர்கிறாள். இப்படத்தை ஏளனத்தோடு ஒதுக்குவது முறையன்று. தொலைதூரச் சிற்றூர்களுக்கு மருத்துவர் தேவை என்பது உண்மையான சமூகச் சிக்கல். தலைவியின் திறன் வீணாவதில்லை. தேவைப்படும் இடத்தில் பயன்படுகிறது. ஆனால் அவ்வூரில் மருத்துவர் ஏன் நிலைப்பதில்லை, பல்லாண்டு உழைத்துப் பெற்ற பயிற்சி வாய்ப்பைத் துறப்பதன் இழப்பு என்ன என்னும் கேள்விகளைப் படம் எழுப்புவதில்லை. ஒரு பொதுச் சிக்கல் ஒரு பெண்ணின் நல்ல மனத்தால் தீர்க்கப்படுகிறது.

2015ஆம் ஆண்டின் 'கிரவுன் ஃபார் கிறிஸ்துமஸ்' வேறொரு வகுப்பைச் சார்ந்த தலைவியைக் காட்டுகிறது. நியூயார்க் விடுதி ஒன்றில் அறைப் பணிப்பெண்ணாக இருந்த ஆலி வேலைநீக்கம் செய்யப்படுகிறாள். கற்பனை முடியரசு ஒன்றில் இளவரசிக்கு ஆசிரியையாகச் சேர்கிறாள். அரசனின் காதலைப் பெறுகிறாள். வேலைநீக்கம் என்னும் கொடிய நிகழ்வு நற்பேற்றின் வாயிலாக மாறுகிறது. அவளோடு அவ்விடுதியில் பணியாற்றிய ஏனைய பெண்களைக் கதை பின்தொடர்வதில்லை. பணிப்பெண்ணின் நிலை மாறவில்லை. ஒரு பணிப்பெண் அந்நிலையிலிருந்து தூக்கி எடுக்கப்படுகிறாள்.

2017இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட 'எ கிறிஸ்துமஸ் பிரின்ஸ்' இன்னும் கூர்மையான சான்று. பத்திரிகையின் கீழ்நிலைப் பணியாளரான ஆம்பர், ஆல்டோவியா என்னும் கற்பனை நாட்டின் இளவரசனைப் பற்றிச் செய்தி திரட்ட அனுப்பப்படுகிறாள். அரண்மனையில் ஆசிரியையாக நடித்து, மறைக்கப்பட்டிருந்த ஓர் உண்மையை அறிகிறாள். காதலால் அதனை வெளியிடாது விடுகிறாள். அவள் எழுதிய மென்மையான கட்டுரையை ஆசிரியர் மறுக்க, வேலையை உதறிவிட்டுத் தன் வலைப்பூவில் எழுதுகிறாள். இளவரசன் அவள் தந்தையின் உணவகத்துக்கே வந்து மணம் புரியக் கேட்கிறான். பத்திரிகையாளரின் அறமும் காதலும் மோதும் ஒரு நல்ல சிக்கல் இங்கே இருந்தது. அதனை எதிர்கொள்ளாமல், ஆசிரியரை இரக்கமற்றவராக்கி, வேலையை விடுவதையே அறத்தின் வெற்றியாகக் கதை காட்டிவிடுகிறது. அடுத்த ஆண்டு வந்த தொடர்ச்சிப் படத்தில் நாட்டின் பொருளாதாரத் திட்டம் தடுமாறி வேலைநிறுத்தம் மூள்கிறது; அதற்கும் காரணம் பணத்தைக் கையாடிய ஒரு தீயவன் எனக் கண்டறிந்தவுடன் எல்லாம் சரியாகிவிடுகிறது.

மூன்று தலைவியரும் வெவ்வேறு தொழிலினர். மருத்துவர் பதவியைத் துறக்கிறார். பணிப்பெண் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். பத்திரிகையாளர் வேலையை உதறுகிறார். மூவர் கதையிலும் வேலையிடம் மாறுவதில்லை. வேலை செய்பவரே வெளியேறுகிறார்.

டிக்கன்ஸும் காப்ராவும்: மறைந்த விலை

இத்தீர்வு கிறிஸ்துமஸ் கதை மரபில் தொடக்கம் முதலே இருந்ததன்று. அம்மரபின் பெரும் முன்னோடி 1843 டிசம்பரில் வெளியான சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்'. அதிலும் முரண் வேலைக்கும் விழாவுக்கும் இடையிலானதே. கிறிஸ்துமஸ் நாளில் எழுத்தருக்கு விடுப்புத் தருவதையே பணத் திருட்டாகக் கருதும் முதலாளி ஸ்க்ரூஜ். கதையின் முடிவில் மனம் மாறுபவரும் அவரே. எழுத்தர் பாப் கிராட்சிட் வேலையை விட்டுச் சிற்றூருக்குச் செல்லவில்லை. அவருடைய சம்பளம் உயர்கிறது. தனிமனித மனமாற்றத்தை மட்டும் நம்பியவர் டிக்கன்ஸ் எனக் குறை கூறுவோர் உண்டு. எனினும் அம்மாற்றம் முதலாளியின் மனத்தில் நிகழ்ந்தது. அதன் விலையை அவரே பணமாகக் கொடுத்தார்.

மற்றொரு முன்னோடி ஃபிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்'. 1946இல் திரையரங்கில் போதிய வருவாய் ஈட்டாத இப்படம், 1974இல் காப்புரிமை புதுப்பிக்கப்படாமற்போனதால் தொலைக்காட்சி நிலையங்கள் விருப்பம்போல் ஒளிபரப்பும் படமாயிற்று. ஆண்டுதோறும் அதே படத்தை அதே பருவத்தில் காணும் வழக்கம் வேரூன்றியதில் இப்படத்துக்குப் பெரும்பங்கு உண்டு. சிற்றூரில் தங்கிவிடும் மனிதனின் கதை இது. ஆனால் ஜார்ஜ் பெய்லி தங்கியது தன் கனவுகளை இழந்து. உலகைச் சுற்றவும் கட்டடங்கள் எழுப்பவும் விரும்பியவன், தந்தையின் கடன் நிறுவனத்தைக் காக்க ஒவ்வொரு முறையும் பயணத்தைக் கைவிடுகிறான். அந்த இழப்பு அவனைத் தற்கொலையின் விளிம்புவரை கொண்டு செல்கிறது. ஊரார் பணம் திரட்டி அவனைக் காப்பாற்றுகின்றனர். காணாமற்போன 8,000 டாலரைத் தன்னிடமே வைத்துக்கொண்ட செல்வர் பாட்டர் தண்டிக்கப்படுவதில்லை. ஊரில் தங்குவதற்கு விலை உண்டு என்பதையும், அவ்விலை சில வேளை உயிரளவு பெரிது என்பதையும் படம் மறைக்கவில்லை.

தொலைக்காட்சிக் காதல் படங்கள் இவ்விரு மரபுகளுக்கும் வாரிசுகள். டிக்கன்ஸிடமிருந்து வேலையால் இறுகிய மனம் விழாவால் இளகும் கருத்தைப் பெற்றன. ஆனால் இறுகிய மனத்தை முதலாளியிடமிருந்து எடுத்துத் தொழிலாளியிடம், பெரும்பாலும் பெண்ணிடம், வைத்துவிட்டன. ஸ்க்ரூஜின் குற்றம் தலைவியின் குறையாகிவிட்டது. காப்ராவிடமிருந்து ஊரில் தங்குதல் என்னும் முடிவைப் பெற்றன. ஆனால் அதற்குரிய இழப்பை விட்டுவிட்டன. ஜார்ஜ் பெய்லிக்குத் துயரமாக இருந்தது இத்தலைவியருக்கு விடுதலையாகத் தோன்றுகிறது. தேர்வு இருக்கிறது; அதன் விலை மட்டும் இல்லை.

வாய்பாடு இருந்தாலே முரண் இவ்வாறு கரைந்துவிடும் என்பதில்லை. தமிழ் அக மரபில் பொருள்வயிற் பிரிவு ஒரு நிலைபெற்ற வாய்பாடு. பொருளும் காதலும் எதிரெதிர் இழுக்க, தலைவன் நெஞ்சொடு புலப்பதும் செலவழுங்குவதும் பலமுறை பாடப்பட்டவை. செலவழுங்குதல் போகாமல் இருந்துவிடுதல் அன்று, தலைவியை ஆற்றுவிக்கும் பொருட்டுத் தவிர்த்தலே எனத் தொல்காப்பியம் விளக்குகிறது. அதாவது அவ்வாய்பாடு இரு இழுப்புகளையும் உயிரோடு வைத்திருக்கிறது. அதனை இப்படங்களோடு மரபுத் தொடர்புடையதாகக் காட்டுவது இங்கு நோக்கமன்று. வேலைக்கும் காதலுக்குமான முரணை முடித்து வைக்காமலும் ஒரு வாய்பாடு இயங்கக்கூடும் என்பதற்கு அது சான்று. ஆகவே இப்படங்களின் குறைக்கு வாய்பாட்டைப் பழிக்க வேண்டியதில்லை.

பார்வையாளரின் அறிவு

இப்படங்களைப் பார்ப்போர் இவற்றை நம்பி ஏமாறுகிறார்கள் எனக் கொள்வது தவறு. வாய்பாட்டை அவர்கள் நன்கு அறிவர். எதிர்பார்க்கும் காட்சிகளைக் கட்டங்களில் எழுதி, படத்தில் அவை வரும்போது ஒவ்வொன்றாக அடித்து விளையாடுவது அமெரிக்க வீடுகளில் பரவலான பொழுதுபோக்கு. 2017 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், 'எ கிறிஸ்துமஸ் பிரின்ஸ்' படத்தை 18 நாள்களும் தொடர்ந்து பார்த்த 53 பேரை நோக்கி, உங்களைப் புண்படுத்தியவர் யார் எனக் கேலியாக ட்விட்டரில் கேட்டது. பார்வையாளரைக் கண்காணிப்பதாக அந்நிறுவனம் கண்டிக்கப்பட்டது. ஆனால் அக்கேலியில் மற்றொரு தவறும் உண்டு. ஒன்றையே திரும்பப் பார்ப்பதை நோயின் அறிகுறியாக அது கொண்டது. பண்டிகைப் பாடலை ஆண்டுதோறும் பாடுபவரிடம் எவரும் அவ்வாறு கேட்பதில்லை. பருவத்தோடு இணைந்த கதை பாதி சடங்கு. முடிவு தெரிந்திருப்பதே அதன் பயன்.

ஜேனிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ஆய்வில், காதல் நாவல்களை விரும்பிப் படிக்கும் அமெரிக்கப் பெண்களிடம் நேரில் பேசினார். பிறரைப் பேணுவதிலேயே நாளைக் கழிக்கும் அவர்களுக்கு, வாசிப்பு தமக்கென ஒதுக்கிய நேரமாகவும் ஒருவகை எதிர்ப்பாகவும் இருந்ததைக் கண்டார். அதே நேரத்தில் அக்கதைகள் அவ்வெதிர்ப்பை மண வாழ்வுக்குள்ளேயே அடக்கிவிடுவதையும் சுட்டினார். இவ்விரட்டை நோக்கு கிறிஸ்துமஸ் படங்களுக்கும் பொருந்தும். விடுப்பு இல்லாத வேலை, இரவிலும் ஒலிக்கும் தொலைபேசி, குடும்பத்துக்கு நேரமின்மை எனத் தலைவியின் குறையாக முதற்காட்சிகளில் வருவன எல்லாம் பார்வையாளர் அறிந்த உண்மைகள். ஊதியத்தோடு கூடிய விடுப்பு நாடு தழுவிய சட்டத்தால் உறுதி செய்யப்படாத அமெரிக்காவில், வேலையைவிட வாழ்வு பெரிது என ஒரு படம் ஆண்டுதோறும் 40 முறை சொல்வது பொருளற்ற பேச்சன்று. அது ஒரு முறையீடு.

ரெஜிஸ் கூறுவது போல, தடை நீங்கும்போது தலைவி விடுதலை பெறுகிறாள் என்னும் வாதமும் இங்கே எழலாம். நகரத்து அலுவலகத்தைத் துறந்து தனக்குரிய பேக்கரியையோ மருத்துவமனையையோ எழுத்தையோ அவள் அடைகிறாளே எனக் கேட்கலாம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அவ்விடுதலைக்கு இளவரசனோ, மரபுவழி விடுதியோ, ஒரே இரவில் பெருகும் வாசகர் கூட்டமோ வேண்டியிருக்கிறது. இவை வாய்க்காதவருக்கு வேலையை விடுதல் விடுதலை ஆவதில்லை. முறையீடு உண்மையானது, கிடைக்கும் விடை சிலருக்கே உரியது.

முடிவுரை

இவ்வாய்வின் முடிபுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். இப்படங்களின் கதை வாய்பாடு சோம்பலால் மட்டும் பிறந்ததன்று. விளம்பர இடைவேளை, விரைவான தயாரிப்பு, பருவகாலச் சடங்கு ஆகியவற்றின் தேவைகளால் உருவானது. அத்தேவைகளைத் திறம்பட நிறைவேற்றுவது. காதலர்களின் பாலினம் போன்ற, மாறாதவை எனக் கருதப்பட்ட கூறுகளையும் அது மாற்றிக்கொள்ள வல்லது என்பதை 2019க்குப் பிந்தைய நிகழ்வுகள் காட்டின. மாறாது எஞ்சுவது வேலைக்கும் வாழ்வுக்குமான முரணும், வேலை செய்பவர் விலகிச் செல்வதே அதற்குத் தீர்வு என்பதும் ஆகும்.

ஆகவே 'இவை எல்லாம் ஒரே படம்' என்னும் குற்றச்சாட்டு இலக்குத் தவறியது. டிக்கன்ஸின் கதையும் ஆண்டுதோறும் திரும்பச் சொல்லப்படுகிறது. அதில் ஒவ்வோர் ஆண்டும் ஓர் எழுத்தரின் சம்பளம் உயர்கிறது. இன்றைய தொலைக்காட்சிப் படத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பெண் வேலையை விடுகிறாள். அவளை அந்நிலைக்குக் கொணர்ந்த அலுவலகம் மறுநாள் வழக்கம்போல் திறக்கிறது. இவ்வாய்பாட்டைக் கைவிடாமலேயே இதனை மாற்ற இயலும். எட்டாம் செயற்கூறில் தலைவி திரும்பி வரட்டும், பனியும் பொழியட்டும். ஆனால் ஏழாம் செயற்கூறின் முதியவர் ஒரு முறையேனும் தலைவிக்கு அன்றி, அவளுடைய முதலாளிக்கு அறிவுரை சொல்லும் படம் ஒன்று எடுக்கப்படுமாயின், இம்மரபு தன் மூதாதையோடு மீண்டும் உறவு கொள்ளும்.